பரோட்டா மாஸ்டரின் விரல்கள்

டாக்டர் சூசைராஜுக்கு ஐம்பது வயது. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தோல் வைத்தியம் கற்க வந்திருந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் எழில்மதி வயதில் அவரைவிடச் சிறியவர். சூசைராஜ் அவரை "மேடம்" என்பார். எழில்மதி "சார்" என்பார்.

ஒருநாள் சூசைராஜ் அலுத்துக்கொண்டார்.

"சொரியாசிஸ்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் மூட்டுவலி இருக்கான்னு கேட்கச் சொன்னீங்க மேடம். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குதே தவிர, ஒருத்தருக்கும் மூட்டு வலிக்கலை. தோலுக்கு வந்தவங்ககிட்ட எதுக்கு மூட்டைப் பத்திக் கேட்கணும்?"

எழில்மதி திருப்பிக் கேட்டார்.

"கடைசியா யாரைப் பார்த்தீங்க?"

"பீர்முகமதுன்னு ஒரு பரோட்டா மாஸ்டர். முழங்கையில செதில் செதிலா உதிருது. களிம்பு எழுதிக் கொடுத்தேன்."

"கூப்பிடுங்க."

மருந்து வாங்கும் வரிசையிலிருந்து பீர்முகமது வந்தார். உட்காருமுன்பே சொல்லிவிட்டார்.

"சார் அப்பவே கேட்டாங்க டாக்டரம்மா. வலி கிலி ஒண்ணும் கிடையாது."

"இருக்கட்டும் மாஸ்டர். உங்க பரோட்டா பஞ்சு மாதிரி இருக்குமாமே. மாவு எப்படிப் பிசையறீங்க?"

பீர்முகமது நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணெய் எப்போது ஊற்றுவது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது, ஒன்றுவிடாமல் சொன்னார். சூசைராஜுக்குப் பசியே எடுத்துவிட்டது.

"காலையில நீங்களேதான் பிசைவீங்களா?"

"முன்னாடி நான்தான். இப்ப மச்சான் பிசையறான். எந்திரிச்சதும் விரல் மடங்க மாட்டேங்குது டாக்டரம்மா. வேலையில இறங்கிட்டா தானா சரியாயிடும். சாயங்காலம் வீசறதுக்கு ஒரு குறையும் இல்ல. வயசாகுதில்ல?"

"என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

சூசைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கைகளை வாங்கிப் பார்த்தார். நகங்களில் ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள். வலது நடுவிரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வீங்கியிருந்தது. சற்றுமுன் இதே கையைப் பிடித்துத் திருப்பித்தான் முழங்கையைப் பார்த்திருந்தார். அவருக்குக் காது சூடானது.

"தோல்ல இருக்கிற நோய் மூட்டுக்குள்ளயும் எட்டிப் பார்க்குது மாஸ்டர்," என்றார் எழில்மதி. "இப்பதான் ஆரம்பம். அப்படியே விட்டா விரல் கோணிக்கூடப் போகலாம். இன்னிக்கே மூட்டு டாக்டரைப் பார்த்துடுங்க."

சூசைராஜ் தானே கூட்டிக்கொண்டு போனார். மருந்து தொடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் பீர்முகமது மறுபடி விடியற்காலையில் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டார். மச்சான் சந்தோஷமாகக் கல்லாவுக்குத் திரும்பினார்.

அந்தச் சேதி வந்த அன்று சூசைராஜ் கேட்டார்.

"நான் கேட்டப்போ ஒண்ணும் இல்லைன்னாரே மேடம். நீங்க பரோட்டாவைப் பத்திக் கேட்டதும் எல்லாத்தையும் கொட்டிட்டார். அப்போ இனிமே வர்றவங்க எல்லார்கிட்டயும் பரோட்டாவைப் பத்தியா கேட்கணும்?"

எழில்மதி சிரித்துவிட்டார். கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அடுத்து வர்றவர் பஸ் டிரைவர் சார். அவர்கிட்ட கியரைப் பத்திக் கேளுங்க."