காற்றை ஆற்றிய கடை

சலோமி டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் அருங்காட்சியகத்து டீக்கடை பெஞ்சில். அன்றும் என்மேல் எரிச்சலாகத்தான் இருந்தார்.

மலையில் முதலில் குடியேறியவர்கள் கட்டிய வீதிதான் அந்த அருங்காட்சியகம். கொல்லுப்பட்டறை, தபால் ஆபீஸ், டீக்கடை. இடிக்க விடாமல் காப்பாற்றி, அந்தக் காலம் போலவே ஆட்களுக்கு வேஷம் கட்டி நடமாட விட்டவர் டீச்சர். பராமரிப்பு என் பொறுப்பு.

வயதில் நான் மூத்தவன். ஆனாலும் கேட்பது நான், சொல்வது அவர்.

"டீச்சர், இந்தக் கூரை போயிடும். எவ்வளவு மருந்து அடிச்சும் கறையான் விடல. வர்ற மழையைத் தாங்காது. என்னதான் செய்யறது?"

டீச்சர் பாய்லர் பக்கம் திரும்பினார்.

தலைப்பாகை கட்டிய அந்தோணி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்பருகே. இரண்டு குவளையும் காலி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக அவன் தினமும் செய்வது.

"அந்தோணி, ஒரு டீ."

"சுடச்சுட, டீச்சர்!" காலி கிளாஸை நீட்டினான்.

வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். "சர்க்கரை கம்மி."

"விளையாடாதீங்க டீச்சர். நான் கூரையைப் பத்திக் கேட்டேன்."

"நான் டீ கேட்டேன்."

"பாய்லர் காட்சிக்கு வச்சது. அதுல போய் எப்படி…"

"கடை நடந்த காலத்துல இங்கே கறையான் இருந்துச்சா?"

"அப்போ ஏது? மேலே பூரா கரியும் ஒட்டடையும்தான். நாமதானே ஆள் வச்சுத் தேய்ச்சு, மரத்தோட நிறத்தையே மீட்டோம்!"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கர்த்தரே, இந்த மனுஷனை என்ன செய்ய?"

எழுந்தார். சுவரில் நான் எழுதி மாட்டியிருந்த பலகையைக் கழற்றினார். 'இங்கே நெருப்பு மூட்டக் கூடாது.' முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். பாய்லரின் அடியில் திணித்தார்.

"தீப்பெட்டி இருக்கா அண்ணே?"

கொடுத்தேன்.

புகை கூரையின் கைமரங்களுக்குள் ஏறியது. அந்தோணி இருமிக்கொண்டே வெளியே ஓடினான். "பால் வாங்கிட்டு வாடா!" என்று கத்தினார் டீச்சர்.

அந்த மழைக்கு அவர் இல்லை. கூரை இருந்தது.

கைமரமெல்லாம் இப்போது பழையபடி கரியும் ஒட்டடையும். பலகை தொங்கிய ஆணியில் டீ வடிகட்டி தொங்குகிறது.