நாலாவது மாடியிலிருந்து இறங்கும் வழி

எங்கள் கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்துவிட்டுத் தரப்போகும் அடுக்குமாடி வீட்டின் அட்டை மாடலோடு வந்தார் ஆர்க்கிடெக்ட் ரகோத்தமன்.

“மக்களோட சேர்ந்துதான் நாங்க டிசைன் பண்ணுவோம். ஒரு சுவரையும் மாத்தாம, வேண்டியதை இதுல வைங்க” என்றார்.

மீன் விற்கும் தேசம்மா தீக்குச்சிகளால் ஒரு பாடை கட்டினாள். மாடலில் நின்ற பொம்மை மனிதனை அதில் கிடத்தி நாலாவது மாடியில் வைத்தாள்.

“இத்த கீழ எறக்கிக் காட்டு சார்.”

படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே பாடை சிக்கிக்கொண்டது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

“படிக்கட்டை மாத்த முடியாதும்மா. காங்கிரீட் போட்டாச்சு.”

“அப்ப எங்கள இன்னாத்துக்குக் கூப்ட்டுக் கேட்ட?”

எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

மழைக்கு முன்பே அங்கே குடியேற்றிவிட்டார்கள். தேசம்மா செத்தபோது, நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் கீழே இறக்கினோம்.