ஏழூர்ச் சபையும் ஏரி மதகும்

வாருங்கள் கண்ணுகளா, பெரியவர்களுக்கும் இடம் விட்டு உட்காருங்கள். நெல்லே செல்வமாக இருந்த அந்தக் காலத்தில், பொழில்நாடு என்றொரு சின்ன நாடு இருந்தது. கொற்றவேள் என்ற அரசர் ஆண்டார். ஏழு ஊர்கள், ஏழுக்கும் ஒரே ஏரி.

வரியாக வந்த நெல் முழுவதும் ஒரே களஞ்சியத்தில் சேரும். தை அறுவடை முடிந்ததும், ஊருக்கு ஒருவராக ஏழு பேர் சபை கூடி, அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பார்கள்.

ஏழு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் தன் ஊருக்கே கேட்டார்கள். குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்று இரண்டு மடங்காகக் கேட்டார்கள். வாங்கிப் போன நெல் என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மேலூருக்காக வந்தவன் சாத்தன். சபையிலேயே பெரிய குரல் அவனுடையது. தாழைக்குடிக்காக வந்தவள் காரிநங்கை, நெசவுக்காரி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

ஏரி மதகின் பலகை உளுத்துப்போயிருந்தது. மதகு ஏழு ஊருக்கும் பொது அல்லவா? ஆகவே அதற்கென்று கேட்க ஆளில்லை. ஒரு தை போயிற்று, கேட்கவில்லை. இன்னொரு தை போயிற்று, கேட்கவில்லை. மூன்றாம் தையும் அப்படியே போயிற்று. அந்த ஐப்பசி மழையில் மதகு பிய்த்துக்கொண்டது. பள்ளத்தில் இருந்த தாழைக்குடி மூழ்கியது. மற்ற ஆறு ஊர்களும், கோடைக்குத் தண்ணீர் ஏது என்று விழித்தன.

அரசர் சபையைக் கூட்டினார். அவர் கோபப்படவில்லை, கலங்கிப்போயிருந்தார்.

"உங்களை நம்பிக் களஞ்சியச் சாவியைக் கொடுத்தேன். இனிமேல் சபை வேண்டாம். நானே பங்கிட்டுக் கொடுக்கிறேன்."

காரிநங்கை மெல்ல எழுந்தாள். சொல்லப்போவதைக் கேட்டால் சொந்த ஊரே தன்னைத் திட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அரசே, போன தையில் தேர் செய்ய அறுபது கலம் நெல் வாங்கினேன். முப்பதே போதுமாக இருந்தது. மீதியில் ஊருக்கெல்லாம் பாயசம் வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது. அதைக் குடித்த வீடுகளில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது."

சிரிக்க வந்தவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

"தப்பு எங்களுடையதுதான். ஆனால் நீங்கள் ஒருவரே பங்கிட்டால், உங்கள் கண்ணில் படாத ஊருக்கு யார் இருக்கிறார்கள்? இந்த ஒரு தையை எங்களுக்குக் கொடுங்கள். தன் ஊருக்கு யாரும் கேட்கக் கூடாது. இன்னொரு ஊரில் மூன்று நாள் தங்கி, முன்பு வாங்கிய நெல் என்ன ஆயிற்று என்று பார்த்து, அந்த ஊருக்காக வந்து கேட்கட்டும்."

"என் ஊருக்கு வேறொருத்தர் பேசுவதா?" என்று சாத்தன் துள்ளினான்.

"நான் பேசுகிறேன், அண்ணே. நீ எங்கள் ஊருக்கு வா. மீன் குழம்பு வைக்கிறேன்."

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரே ஒரு தை" என்றார்.

சாத்தன் தாழைக்குடிக்குப் போனான். முதல் நாள் சாப்பிட்டான், தூங்கினான். இரண்டாம் நாள் தேரைச் சுற்றிப் பார்த்தான். மூன்றாம் நாள், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி, நான்கு பேர் கால்வாயைக் கடக்கத் தடுமாறுவதைக் கண்டான். மார்பளவு தண்ணீரில் இறங்கி அவனும் தோள் கொடுத்தான்.

கரையேறியதும் கேட்டான்: "ஏன் நங்கை, இங்கே ஒரு பாலம் கேட்டிருக்கக் கூடாதா?"

"தேர் என்றால் ஊரே கைதட்டும், அண்ணே. பாலம் எனக்குத் தோன்றவே இல்லை" என்று அவள் தலைகுனிந்தாள்.

தை வந்தது. வெள்ளத்தால் அந்த வருஷம் பாதி நெல்தான் சேர்ந்திருந்தது. சாத்தன் எழுந்து, வழக்கமில்லாத மெல்லிய குரலில் பேசினான்.

"தாழைக்குடிக்குப் பாலம் வேண்டும். இருபத்திரண்டு கலம் போதும், தச்சரிடம் கேட்டுவிட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் மதகு."

மற்றவர்களும் ஊர் விட்டு ஊர் போகையில் ஏரிக்கரை வழியாகத்தானே நடந்து, உடைந்த மதகைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்! "முதலில் மதகு, முதலில் மதகு" என்றார்கள்.

பிறகு காரிநங்கை எழுந்தாள். "சாத்தன் அண்ணன் வருஷா வருஷம் நெல் வாங்கியும், மேலூர் மண்டபம் ஆறு வருஷமாக நான்கு தூணோடு நிற்கிறது. அதற்கு இனி ஒரு மணி நெல்லும் வேண்டாம். பெண்கள் வழுக்கி விழும் குளத்துப் படித்துறைக்குப் பத்துக் கலம் கொடுங்கள்."

சாத்தனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும், "அவள் சொல்வது உண்மைதான்" என்றான்.

பாதி நெல்லிலேயே மதகு முடிந்தது, பாலம் முடிந்தது, படித்துறையும் முடிந்தது. விதைக்கென்று கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அரசர் சாவியைச் சபையின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தேர்க் கதையை வெளியில் சொன்னதற்காகத் தாழைக்குடிக்காரர்கள் காரிநங்கையோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தை வந்ததும், "நீதான் போக வேண்டும்" என்று அவளையே சபைக்கு அனுப்பினார்கள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான், கண்ணுகளா: பொதுச் சொத்தைப் பங்கிட உட்காருகிறவர், தன் ஊருக்குக் கை நீட்டும் முன் அடுத்த ஊரின் குறையைக் கண்ணால் போய்ப் பார்க்க வேண்டும்.