வைரப்பெருமாள் பின் பிரேக் பார்த்த கதை

கொடைக்கானல் மலைப்பாதையில மரம் விழுந்து கிடந்த அன்னைக்கு என் வேன் நிறைய பிளாஸ்டிக் சேர். எனக்கு வத்தலக்குண்டுல பந்தல் கடை. மேல ஒரு மண்டபத்துல சாயங்காலம் ரிசப்ஷன், சேர் போய்ச் சேர்ந்தாத்தான் ஜனம் உட்காரும். இங்க என்னடான்னா மரம் அறுக்கிற ஆளே இன்னும் வரலை. சும்மா நிக்கிறவங்களைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. நாலஞ்சு சேரை இறக்கி ரோட்டோரமா போட்டேன்.

மரத்தை ஒட்டி முதல்ல நின்னது ஒரு பழைய வெள்ளைக் கார். அடுத்து என் வேன். எனக்குப் பின்னாடி பஸ். கார்க்காரர் பேரு வைரப்பெருமாள், அவனியாபுரத்துல பாத்திரக்கடை வச்சிருக்கார். போட்ட சேர்ல முதல் ஆளா வந்து உட்கார்ந்தவர் அவர்தான். அவர் சம்சாரம் இந்திராணி அக்கா முன்சீட்லயே உட்கார்ந்து, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

பேச்சை ஆரம்பிச்சது பஸ் கண்டக்டர் எட்வின்.

"சார், நல்ல ஏத்தத்துல நிக்குது வண்டி. எல்லாரும் வீலுக்குக் கல்லு கொடுத்திருக்கோம். நீங்க மட்டும் கொடுக்கலையே."

"ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன். எதுக்குக் கல்லு?"

"இவ்வளவு பழைய வண்டியில ஹேண்ட்பிரேக்கை நம்பலாமா?"

"வண்டி பழசுதான் தம்பி. பிரேக்கு போன வாரம் நானே வீட்டு வாசல்ல உட்கார்ந்து பார்த்தது. பின் பிரேக்கு ரெண்டு, ஹேண்ட்பிரேக்கு, எல்லாம் என் கை வேலை."

"மெக்கானிக் வேலை தெரியுமா சார்?"

"பித்தளை அண்டாவுக்கு நெளிவு எடுக்கிறவன் நான். பிரேக் ட்ரம்மு என்ன, அதுவும் ஒரு அண்டாதானே."

அக்கா கடலைத் தோலை ஊதிவிட்டுட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாங்க. 

"வீலைக் கழட்டிட்டேன்"னு அவர் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டார். "ட்ரம்மு வரலை. உள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. சுத்தியல் எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். டங்குன்னு ஒரு சத்தம். எங்க தெரு ஸ்கூல்ல கடைசி பெல்லுன்னு நினைச்சு பிள்ளைகள் எல்லாம் பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. ஹெட்மாஸ்டரும் சேர்ந்தே போயிட்டார்."

"காலையிலயா?"

"பிரேயர் கூட முடியலை."

பஸ்ல இருந்து இறங்கி நின்ன ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவர் சிரிக்கலை. நடந்ததைச் சொல்ற மாதிரியே மூஞ்சியை வச்சிருந்தார்.

"ட்ரம்மு வந்துருச்சு. உள்ள பார்த்தா பிரேக்கு தேஞ்ச தூசி, இத்தனை வருசத்துத் தூசி. லேசாத் தட்டிவிட்டேன். அப்படியே எழும்புச்சு பாருங்க, தெருவே இருண்டு போச்சு. கோழியெல்லாம் ராத்திரி ஆயிருச்சுன்னு கூட்டுக்குள்ள போய் அடைஞ்சிருச்சு. எதிர்வீட்டுக்காரர் நைட் வாட்ச்மேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வேலைக்கே கிளம்பிட்டார்."

"சார், அந்தத் தூசி மூக்குல போனா நுரையீரல் கெட்டுப்போகும். துணியை நனைச்சுத் துடைக்கணும்."

"அப்புறம் நனைச்சுத்தான் துடைச்சேன். அது வேற விஷயம். இப்ப ஸ்ப்ரிங்கு கதைக்கு வாங்க."

ரெண்டு பிரேக் ஷூவையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற ஸ்ப்ரிங்கை அவர் கட்டிங் பிளேயர்ல பிடிச்சு இழுத்தாராம். பிளேயர் வழுக்கிருச்சாம். "விருட்டுன்னு மேல போச்சு. போனது போனதுதான், இறங்கி வரலை. அண்ணாந்து பார்த்தா ஏர்போர்ட்டுல இறங்க வந்த பிளேன் எங்க வீட்டு மாடிக்கு மேல அந்தரத்துல நிக்குது."

எட்வின் பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டார். "பிளேன் எப்படி சார் நிக்கும்?"

"பிரேக் ஸ்ப்ரிங்கு போய் மாட்டிருச்சுல்ல தம்பி. மாட்டினா எதுவா இருந்தாலும் நிக்கத்தானே செய்யும். பைலட்டு ஜன்னலைத் திறந்து, 'அண்ணே, இது உங்களுதா'ன்னு கேட்டார். ஆமான்னேன். போட்டுவிட்டார். பிளேன் கிளம்பிருச்சு. நல்ல மனுசன். சாப்பிட்டுப் போங்கன்னேன், பிளேன்ல ஆள் இருக்காங்கண்ணேன்னுட்டார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அதே நேரம் மேல மண்டபத்துல இருந்து போன் வந்துச்சு. பொண்ணோட அப்பா. சேர் எங்கப்பான்னார். வந்துக்கிட்டே இருக்கேன்னேன். அந்தச் சேர்கள்ல ஒண்ணுல உட்கார்ந்துக்கிட்டுத்தான் சொன்னேன்.

மரம் அறுக்கிற ஆளுங்க அதுக்குள்ள வந்து மெஷினை ஓட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தச் சத்தத்துக்கு மேல வைரப்பெருமாள் குரலை ஏத்தினார்.

"பழைய பிரேக் ஷூவுல, ட்ரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங்கு சுத்தமா இல்லை. கடைக்குப் போனா ஸ்டாக் இல்லைங்கிறான். யோசிச்சேன். உலகத்துலயே அசையாத பொருள் எது? எங்க மாமனார். ஒண்ணு வேணாம்னு சொல்லிட்டா யானையைக் கட்டி இழுத்தாலும் அசையமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுசன் போட்டிருந்த தோல் செருப்பு எப்படிப் பிடிக்கும்? ரெண்டையும் எடுத்து, வெட்டி, லைனிங்கா ஒட்டிட்டேன்."

காருக்குள்ள கடலை உரிக்கிற சத்தம் நின்னுச்சு.

"எங்கப்பா செருப்பை எடுத்தது நீங்களா? கோயில் வாசல்ல காணாமப் போச்சுன்னு அவர் இன்னும் போறவன் வர்றவன் காலையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்காரு."

"கதைக்குச் சொல்றேன்டி" அப்படின்னு அவசரமா அந்தப் பக்கம் சொல்லிட்டு, எங்க பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கதை இல்லை."

அதுக்கப்புறம் ஹேண்ட்பிரேக்கு. கேபிளை முறுக்கி முறுக்கி டைட் வச்சுட்டு லீவரை இழுத்துப் பார்த்தாராம். ஒரு கிளிக்குல வண்டி நின்னுச்சாம். இன்னொரு கிளிக் இழுத்ததும் தெருவுல போன ஆட்டோ, சைக்கிள், தயிர்க்காரம்மா எல்லாம் நின்னுட்டாங்களாம். அதுக்கும் மேல ஒண்ணு இழுத்தாராம். பக்கத்து வீட்டுல மாமியாரும் மருமகளும் சண்டை. மருமக 'உங்க'ன்னு ஆரம்பிச்சது அப்படியே வாயில நின்னுபோச்சாம்.

"நமக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும். வரலை. ரெண்டு கையாலயும் பிடிச்சு முழுசா இழுத்துட்டேன். பூமி நின்னுருச்சு தம்பி. சூரியன் தண்ணி டேங்குக்கு மேல அப்படியே நிக்குது. நிழல் நகரலை. இவ உள்ள இருந்து, 'உலை கொதிக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணுனீங்க'ன்னு கத்துறா. அப்புறம்தான் ஒரு கிளிக் இறக்கிவிட்டேன்."

எட்வின் தலையை ஆட்டினார். "போன வாரம் ஒருநாள் எனக்கு டூட்டி முடியவே மாட்டேன்னுச்சு. டிப்போவுல சொன்னா நம்பலை."

"அதேதான். அன்னைக்கேதான்."

அதுக்குள்ள ரோட்டுல பாதிக்கு மரத்தை அறுத்துத் தள்ளிட்டாங்க. ஒரு வண்டி போற அளவுக்கு வழி. எல்லாரும் அவங்கவங்க வண்டிக்கு ஓடினாங்க. நான் சேரை ஏத்தினேன். வைரப்பெருமாள் காரை ஸ்டார்ட் பண்ணி, லீவரை இறக்கி, கியரைப் போட்டார். இன்ஜின் உறுமுச்சு. பின்பக்கம் குத்தவச்ச மாதிரி தாழ்ந்துச்சு. வண்டி ஒரு இஞ்ச் நகரலை.

இன்னும் ஆக்சிலேட்டர் கொடுத்தார். புகைதான் வந்துச்சு.

பஸ்காரங்க இறங்கி வந்து தள்ளினாங்க. அசையலை. கேலி பண்ணிக்கிட்டு நின்ன ஆளுங்க முகத்துல இப்ப ஒரு மாதிரி யோசனை. அவர் ஜன்னல் வழியா தலையை நீட்டி, "நான் சொன்னப்ப யாராச்சும் நம்புனீங்களா"ன்னார். அப்படி ஒரு சந்தோசம் மூஞ்சியில.

எனக்கு மறுபடி போன். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சாம், ஜனமெல்லாம் நின்னுக்கிட்டே இருக்காம், மாப்பிள்ளையோட தாத்தாவைச் சோத்துச் சட்டியைக் கவுத்து உட்கார வச்சிருக்காங்களாம்.  இந்த ஒரு ஆர்டர் கெட்டா அந்த மலையில எனக்கு அடுத்த ஆர்டர் கிடையாது.

"அண்ணே, உங்க கை வேலைதானே. ட்ரம்மைக் கழட்டி விட்டுருங்கண்ணே, புண்ணியமாப் போகும்"னேன்.

அவர் முகத்துல இருந்த சந்தோசம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. "அதுக்குத் தனி டூல் வேணும் தம்பி. வீட்ல இருக்கு."

இந்திராணி அக்கா மடியில இருந்த கடலைத் தோலை வெளிய உதறினாங்க. முந்தானையை இடுப்புல செருகினாங்க.

"நீங்க பேசாம கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

அவர் மிதிச்சார். அக்கா டேஷ்போர்டைத் திறந்து ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாங்க. ஹேண்ட்பிரேக் லீவர் மேல இருந்த ரப்பர் உறையைத் தூக்கி, உள்ள இருந்த நட்டை நாலு சுத்து லூசு பண்ணினாங்க. அப்புறம் எட்வினைப் பார்த்து, "தம்பி, உங்க டிரைவர்கிட்ட வீல் ஸ்பேனர் வாங்கி, ரெண்டு பக்கமும் ட்ரம்மை ஓரமா மெதுவாத் தட்டுங்க. அண்டான்னு நினைச்சு ஓங்கி அடிச்சுராதீங்க"ன்னாங்க.

எட்வின் தட்டினார். உள்ள டொக்குன்னு ஏதோ விட்டுக் கொடுத்துச்சு. தாழ்ந்து கிடந்த பின்பக்கம் லேசா எழும்புச்சு. அக்கா "எடுங்க"ன்னதும் அவர் காலை எடுத்து கியரைப் போட்டார். வண்டி நகர்ந்து, மரத்தைத் தாண்டி, சமதளத்துல போய் நின்னுச்சு.

நான் வேனை அதுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினேன். "அக்கா, உங்களுக்கு எப்படி இந்த வேலை தெரியும்?"

"போன வாரம் பின் பிரேக்கை மாட்டினதே நான்தான். வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினேன். கேபிளைக் கூட அளவாத்தான் வச்சேன். இவர்தான் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து இன்னும் டைட் வச்சுட்டாரு."

"அப்ப அண்ணன் என்னதான் செஞ்சார்?"

"டார்ச் பிடிச்சாரு. அதையும் நான் பார்க்கிற பக்கம் பிடிக்கலை."

வைரப்பெருமாள் ஸ்டியரிங்கை ஒரு தடவை துடைச்சார். அப்புறம் என் பக்கமா சாய்ஞ்சார்.

"அந்த டார்ச் வெளிச்சத்தைச் சாதாரணமா நினைச்சுராத தம்பி. அன்னைக்கு ராமேஸ்வரம் கடல்ல போன கப்பல் ஒண்ணு, அதைக் கலங்கரை விளக்கம்னு நினைச்சு..."

பின்னாடி எட்வின் ரெண்டு விசில் கொடுத்தார். பஸ் ஹாரனை விடாம அடிச்சுச்சு. நான் கியரைப் போட்டேன்.

கப்பல் எங்க தெருவரைக்கும் வந்துருச்சுன்னு அவர் கத்தினது காதுல விழுந்துச்சு.

"வரட்டும்"னு அக்கா சொன்னாங்க. "அதையும் நான்தான் ரிவர்ஸ் எடுத்துக் கொடுக்கணும்."