இரண்டு கைக்குள் ஒரு பாத்திரம்

முன்னொரு காலத்தில், ஐப்பசிதோறும் வெள்ளம் வந்து ஊரை இரண்டாகப் பிளக்கும் ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஒரு விநோத வழக்கம் இருந்தது. புதுத் தொழிலுக்கு முதல்பணம் கேட்டு வருகிறவர்களின் பாத்திரம் நிறைய, தன் பிறந்த நாளன்று வெள்ளிக்காசு கொடுப்பான்.

அவன் அவையில் திருமேனி என்றொரு விகடன். ஆற்றில் ஓடத்துறை நடத்த அவனுக்கு ஆசை. போன ஆண்டு முதல்பணம் கேட்கக் கிளம்பியபோது மந்திரி மாதேவர், "அண்டாவைத் தூக்கிக்கொண்டு வராதீர். பேராசை என்று மன்னர் முகம் சுளிப்பார்" என்றார், நல்லவர்போல. திருமேனி சின்னச் செம்போடு போனான். கிடைத்த காசுக்கு ஒரு பரிசல்தான் வந்தது.

ஐப்பசியில் அவன் மனைவி வடிவுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி அக்கரையில். பரிசல் வெள்ளத்தில் சுழன்று இக்கரைக்கே திரும்பியது, மூன்று தடவை. தாயும் போனாள், பிள்ளையும் போனது.

அதன்பிறகும் அவன் அவைக்கு வந்தான். விகடம் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டான்.

இந்த ஆண்டு அவன் பெரிய படகுக்கே கேட்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் மாதேவருக்கு வயிறு எரிந்தது. ராஜாவிடம் ஓடினார்.

"மன்னர் மன்னா, ஜனங்களுக்கு ஆசை பெருத்துவிட்டது. பாத்திரம் இரண்டு கைக்குள் அடங்கவேண்டும் என்று விதி செய்யுங்கள்."

ராஜாவுக்கு அது விளையாட்டாகப் பட்டது. அப்படியே பறை அறைந்தார்கள்.

"ஓய் திருமேனி, இனிக் கிண்ணம்தான். கிண்ணத்துக்கு எத்தனை துடுப்பு வைப்பீர்?" என்றார் மாதேவர்.

திருமேனி நேரே வீட்டுக்குப் போய் வடிவின் பெட்டியைத் திறந்தான்.

பிறந்த நாளன்று எல்லாரும் அகலும் கிண்ணமுமாக நின்றார்கள். திருமேனி இரண்டு கையையும் பொத்தி நீட்டினான்.

"பாத்திரம், மன்னா. அடங்கியிருக்கிறதா?"

"அடங்கித்தான் இருக்கிறது."

கையை விரித்து உதறினான். மெல்லிய நூல்சேலை, பதினாறு முழம். இரண்டாக மடித்து, வாய் விட்டு மற்ற ஓரங்களைத் தைத்திருந்தான். ஊசி பிடித்துப் பழகாத கை. தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

"இது சேலை!" என்று மாதேவர் கத்தினார்.

"போட்டதைத் தாங்கினால் பாத்திரம்தானே, மந்திரியாரே? அடங்கவேண்டும் என்றீர், அடங்கியது. விரியக்கூடாது என்று பறை அறையவில்லையே."

ஐந்து குடம் காசு கொட்டியும் பையின் அடி நிறையவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நிறுத்துங்கள், கருவூலம் காலியாகிவிடும்! திருமேனி, உனக்கு வேண்டியது என்ன?"

"படகு, மன்னா."

"ஒன்று போதுமா?"

போதும் என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினான்.

"மூன்று. எட்டுத் துடுப்புப் படகு. வெள்ளத்தில் போகிற ஓடக்காரர்கள். அவர்களுக்கு மூன்று வருஷச் சம்பளம்."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தான். "தந்தேன்! மரத்தை மாதேவர் தோப்பிலேயே வெட்டுங்கள்."

மாதேவர் முகத்தைப் பார்த்து அவையே குலுங்கியது. சிரிப்பு ஓயும்வரை திருமேனி காத்திருந்தான். பிறகு, தச்சர்களை இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டான். மேற்கே மேகம் கட்டியிருந்தது.