தேவாங்கு கேட்ட முதல் பங்கு

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தேவாங்குக்கு மிளகு போலச் சின்னக் கண்கள். கால்களோ காற்றுக்கு முந்திப் போய் நிற்கும். அப்போது ஒரு மலையடிவாரத்தில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். அவள் குடிசைக் கூரையில்தான் அந்தத் தேவாங்குக்குப் பாதி வாழ்க்கை. அவளை அது அக்கா என்று கூப்பிடும்.

சடைச்சி குடிப்பாள். ஆனால் மயங்கிக் கிடப்பதற்காகக் குடிக்கிறவள் அல்ல. ஒரே இலுப்பை மரத்துப் பூவில் போட்ட ஊறல் ஒருநாள் ஏன் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, இன்னொருநாள் ஏன் தொண்டையைப் பிறாண்டுகிறது என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் மூக்கன், இது குடியா தவமா என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான்.

ஒருநாள் ஊறல் பானையை அடுப்பிலேயே மறந்துவிட்டாள். ஓடிவந்து மூடியைத் தூக்கியபோது அதன் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. விரலால் வழித்து நக்கினாள். பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்திருந்த அது நாக்கைச் சுட்டது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பானைமேல் பானை அடுக்கி, இடுக்கை மண்ணால் பூசி, மூங்கில் குழாய் சொருகி, உச்சிப் பானையில் குளிர்ந்த நீர் ஊற்றி, அந்த ஆவியைப் பிடித்துச் சொட்டாக இறக்கும்வரை அவள் ஓயவில்லை. அந்த மலை கண்ட முதல் சாராயம் அதுதான்.

அதற்குப் பிறகு தேவாங்குக்கு ஓட்டம்தான். பாறை இடுக்கிலிருந்து தேன், ஓடைக்கரையிலிருந்து நன்னாரி வேர், எங்கோ ஒரு தோப்பிலிருந்து நார்த்தங்காய் என்று கேட்டதையெல்லாம் கொண்டுவந்து போட்டது. வேலம்பட்டை போட்டால் ஒரு நிறமும் துவர்ப்பும். நார்த்தங்காய்த் தோல் போட்டால் மூக்கில் ஏறும் மணம். தேன் விட்டால் காரம் அடங்கியது போல நடித்துக்கொண்டு உள்ளே போய் உதைத்தது. எதோடு எது சேரும், எது சண்டை போடும் என்று அவர்கள் இருவரும் நுனிநாக்கால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மகளுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சடைச்சியின் அண்ணன் கருத்தாண்டி அடுத்த மலையிலிருந்து வர வேண்டும். அவருக்கு இதுவரை யாரும் குடித்திராத ஒன்றைக் கொடுக்க அவள் நினைத்தாள். முந்தின நாள் அடுப்பு மூட்டி, முதலில் விழுந்ததை ஒரு கொட்டாங்குச்சியிலும், நடுவில் வந்ததை ஒரு பானையிலும், கடைசியில் கலங்கி வந்ததை வேறொன்றிலும் தனித்தனியாகப் பிடித்தாள். கடைசியில் வந்தது ஈரத்துணி நாற்றம் அடித்தது. நடுவில் வந்தது நன்றாக இருந்தது. முதலில் வந்ததோ முகர்ந்த உடனே நெற்றிப்பொட்டில் குத்தியது. இவ்வளவு வீரியம் இருந்தால் இதுதான் உச்சம், அண்ணனுக்கு இதுவே என்று முடிவு செய்தாள்.

கீழே சிந்திய முதல் சொட்டுகளைச் சுற்றி எறும்புகள் மல்லாந்து கிடந்தன. அவள் பார்த்தாள். மூழ்கிச் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிடப் போய்விட்டாள்.

தேவாங்கு மட்டும் அந்தக் கொட்டாங்குச்சியை விட்டு நகரவில்லை.

"தேனுக்குக் கொட்டு வாங்கினது நான். பூப் பொறுக்கினது நான். முதல் பங்கு மட்டும் உங்க அண்ணனுக்கா, அக்கா?"

நியாயம்தான் என்று பட்டது அவளுக்கு. அதைவிட, அது எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கேட்கும் ஆசையும் அவளுக்கு இருந்தது. பாதியைச் சாய்த்துக் கொடுத்தாள். தேவாங்கு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மற்றதைப் போலவேதான் இருக்கிறது, கொஞ்சம் குளிர்ச்சி என்று சொல்லிக் கூரைக் கம்பில் சுருண்டு படுத்தது.

காலையில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, கூரையில் தேவாங்கின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அது கண்ணைத் திறந்தபடி கேட்டது.

"அக்கா, இன்னுமா விடியல?"

அவள் கையிலிருந்த மாவிலை நழுவியது. விளையாடாதே என்றாள். கிட்டப் போய் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அந்தச் சின்னக் கண்கள் அசையவில்லை. விளக்கை ஏற்றேன் அக்கா, ஏன் எல்லாரும் இருட்டில் நடமாடுகிறீர்கள் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கு எறும்புகள் ஞாபகம் வந்தன.

முருங்கைச் சாறு, தாய்ப்பால், ஓடைத் தண்ணீர் என்று தெரிந்ததையெல்லாம் கண்ணில் விட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குள் மேளம் கேட்டது. சீர்த்தட்டோடு கருத்தாண்டி வந்து பாயில் அமர்ந்துவிட்டார். தங்கை ஏதோ புதுச்சரக்கு வைத்திருக்கிறாளாமே என்று கேட்டார்.

சடைச்சி உள்ளே போய் மிச்சமிருந்த கொட்டாங்குச்சியை எடுத்துவந்தாள். உங்களுக்கென்று எடுத்துவைத்த முதல் பங்கு இதுதான் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அதை மண்ணில் கவிழ்த்தாள்.

கருத்தாண்டியின் முகம் கறுத்தது. தாய்மாமனுக்கு வைத்த முதல் பங்கைத் தரைக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தையா எனக்குக் கொடுப்பாய் என்று எழுந்துவிட்டார். அவர் போனால் பிள்ளைக்கு மடி இல்லை. மூக்கன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். உதறினார்.

"அண்ணே, இது உங்க கண்ணைப் பறிச்சிருக்கும்," என்றாள் சடைச்சி. "எறும்பு செத்ததைப் பார்த்தேன். பார்த்துட்டும் தேவாங்குக்குக் குடுத்தேன். தெரியாமக் குடுத்தேன்னு நான் சொல்ல மாட்டேன்."

தேவாங்கைத் தூக்கிவந்து அவர் முன்னால் விட்டாள். கருத்தாண்டி குனிந்து, நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்டார். அது குரல் வந்த பக்கம் மெல்லக் கையை நீட்டியது. காற்றைத் தடவியது. பிறகு அவர் மீசை அகப்பட்டது.

"நல்ல வெளிச்சத்துல வந்திருக்கலாமே அண்ணே," என்றது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அழ ஆரம்பித்ததும் அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தி முடிந்தது. நடுவில் இறங்கிய சாராயத்தைச் சடைச்சி நீட்டினாள். மறுத்தால் தங்கை உடைந்துபோவாள் என்று அவருக்குத் தெரியும். வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, ஒரு விரலை நனைத்து, ஒரு சொட்டைத் தேவாங்கின் காலடி மண்ணில் தெளித்தார். அதற்குப் பிறகே குடித்தார். கூடியிருந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

தேவாங்கு வெளிச்சத்தைத் தேடித் தேடி விழித்தது. நாளாக ஆகக் கண்கள் பெருத்து, முகமே கண்ணாகிப்போனது. பல மாதம் கழித்துக் கொஞ்சம் பார்வை வந்தது, அதுவும் இருட்டில்தான். பகல் வெளிச்சம் அதற்குத் திரும்பவே இல்லை. கீழே விழுந்துவிடுவோம் என்ற பயமும் போகவில்லை.

அந்தக் காதுகுத்து நாளிலிருந்துதான், சாராயம் காய்ச்சுகிறவர்கள் முதலில் சொட்டுவதை மண்ணில் ஊற்றுகிறார்கள். குடிக்க உட்காருகிறவர்கள் விரலை நனைத்து ஒரு சொட்டைத் தரைக்குத் தெளிக்கிறார்கள். தேவாங்கும் ஒவ்வொரு கிளையையும் கையால் தடவி உறுதிசெய்துகொண்டு, அன்று காலையில் விழித்த அதே விழியோடு, மெல்ல மெல்ல நடக்கிறது.