பலகைக்குக் கீழே

எச்ஐவி சிகிச்சை மையத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் பழைய டப்பாவையும் கொண்டுவர வேண்டும். மிச்சத்தைக் கொட்டி எண்ணிய பிறகுதான் புது டப்பா. அங்கே எண்ணுவது பாவாயியின் வேலை. அவளும் பதினாறு வருஷமாக அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவள்தான். எட்டாவதோடு நின்றவளை எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள்.

செங்கோடன் லாரி ஓட்டினவர், அவளைவிடப் பத்து வயசு மூத்தவர். நோய் வந்த பிறகு அவளிடமே வேலை பழகினார். புதுசாக வருகிறவர்களிடம், "ஒரு நாள்கூட விடப்படாதுங்க" என்று சொல்லுவார். அவருடைய டப்பாவை மட்டும் யாரும் எண்ணியதில்லை.

அன்றைக்கு அவர் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. பாவாயி கையை நீட்டினாள்.

"டப்பாவக் குடுங்ணா."

கொடுத்தார். டப்பாவின் வாயில் ஒட்டின காகிதம்கூடக் கிழியவில்லை.

"எத்தன மாசமா?"

"மூணு."

"ஊருக்கெல்லாம் பந்தி போட்டுட்டு நீங்க பட்டினி கெடந்தீங்களாக்கும்."

"ரத்தத்துல கிருமி தெரியலைன்னு சீட்டுல போட்டிருந்தாங்க டீச்சரம்மா. இல்லாததுக்கு என்னத்துக்கு மாத்திரைன்னு..."

பாவாயி அந்த நெறியை விரலால் அழுத்தினாள். செங்கோடன் பல்லைக் கடித்தார்.

"ரத்தத்துல இல்லைங்ணா. இங்க உக்காந்திருந்துச்சு."

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு. நோவை எதுக்குற அணுவெல்லாம் இந்த நெறிக்குள்ளதான் குடியிருக்குதாம். கொத்துக் கொத்தாச் செத்துப்போகுதாம். இன்னைக்கே மறுபடி மாத்திரைய ஆரம்பின்னு எழுதிக் குடுத்துட்டாரு."

அந்தச் சீட்டு நாலாக மடிந்து அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஒண்ணு மட்டும் வெளங்கல டீச்சரம்மா. நூறு செத்தா, கிருமி உள்ள பூந்து பெருகுனது அஞ்சுலதானாம். மிச்சம் தொண்ணூத்தஞ்சும் எதுக்குச் செத்துது?"

பாவாயி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரோட சேத்து அண்ணந்தம்பிக நாலு பேரு. நாலு பேரும் சவ்வரிசி ஆலையில வேல. ஒருநா கழிவுத் தொட்டி அடைச்சுக்கிச்சு. கடைசிக் கொழுந்தன் எறங்குனான். ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"அப்பறம்?"

"சத்தங் கேட்டு நடுவுலவன் குதிச்சான். அவனும் கத்துனான். அவனத் தூக்கப் பெரியவரு எறங்குனாரு. அவரு கத்துனதக் கேட்டு எங்க வீட்டுக்காரரு, வாயில போட்ட வெத்தலயத் துப்பாம ஓடுனாரு."

"நாலு பேருமா போயிட்டாங்க?"

"நல்ல மனுசங்க. அதனாலதான் ஓடுனாங்க. தொட்டிக்குள்ள வேல இருந்தது ஒருத்தனுக்கு. மத்த மூணு பேரக் கூப்பிட்டது யாருங்ணா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செத்தவன்."

"அஞ்சாவதா நானும் ஓடுனேன். மேஸ்திரி என் முடியப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு, தொட்டி மேல பலகையத் தள்ளி, அதும் மேல உக்காந்துக்கிட்டாரு. பாவி பாவின்னு மண்ண வாரி எறைச்சேன். உள்ள கெடக்குறது என் புருஷனில்ல?"

"அந்தத் தொட்டி?"

"இன்னும் இருக்குது. விஷக்காத்தும் இருக்குது, பலகையும் இருக்குது. அதுக்கப்பறம் அங்க ஒருத்தரும் சாகல. மேல நின்னு பாத்தா சுத்தமாத்தான் இருக்கும். அதுக்காகப் பலகைய எடுத்துருவாங்களா?"

செங்கோடன் காகிதம் கிழியாத டப்பாவையே பார்த்தார். கழுத்து நெறிக்குக் கை தானாகப் போனது.

"இப்ப முழுங்குனா, செத்ததெல்லாம் திரும்பி வருமா டீச்சரம்மா?"

"புதுசு வரும். ஆனா எங்க நாலு வீட்டுல மூணு பூட்டியே கெடக்குதுங்ணா. கூரை எறங்கி, உள்ளாற வேலிக்காத்தான் மொளச்சிருச்சு. புதுசா யாராச்சும் வந்தாலும் கால நீட்ட எடமில்ல."

"எனக்குள்ள இன்னும் எத்தன வீடு மிச்சமிருக்கும்?"

பாவாயி காகிதத்தைக் கிழித்தாள். ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"அத அப்பறம் எண்ணிக்கலாம்ணா. சத்தங் கேட்டு உள்ள இன்னொருத்தன் கெளம்பிட்டான்."